கர்ணனாக ஆடியவர் பெயர் என்ன?

பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி, போளூர் பக்கமெல்லாம் கூத்துக்குத் தாம்பூலம் மாற்றத் தொடங்கிவிடுவார்கள். இரவு மேளக்கட்டு, விடியும்போது மங்களம். திரௌபதி அம்மன் கோயில் என்றால் பாரதம் பல நாள் ஓடி, துரியோதனன் படுகளத்தில் வந்து முடியும். இப்போது களரியைச் சுற்றிலும் செல்போன்கள். ‘அர்ச்சுனன் தபசு’ விடிய விடிய யூடியூபில் கிடைக்கிறது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வீடியோக்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப்பெயர் இருக்கும். படம்பிடித்தவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கொட்டை எழுத்தில் இருக்கும். கர்ணனாக ஆடியவர் யார், முகவீணை ஊதியவர் யார் என்பது பெரும்பாலும் இருக்காது.

நம் மாவட்டக் கூத்துக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது செய்யாறு பக்கத்துப் புரிசை. கண்ணப்ப தம்பிரானிடம் கூத்துப்பட்டறை ந.முத்துசாமி போன்றவர்கள் வந்து சேர்ந்த பிறகு புரிசைக் கூத்து எழுத்திலும் படத்திலும் பதிவானது. அது தகுதியான பெயர். இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களை ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் படமாக்கினார். ‘லேடி ஆஃப் ஜிஞ்ஜி’ என்ற அந்த வீடியோ 1988-லேயே அங்கே வெளியாகிவிட்டது. 2024-ல் வந்த ‘ஜமா’ திரைப்படம், கூத்துக்காரர் வாழ்க்கையைத் திரையரங்குக்கே கொண்டுவந்தது.

சேரி ஜமாக்களுக்கு இப்படி எதுவும் வாய்க்கவில்லை. நம் வாத்தியார்கள் மாரியம்மன், கெங்கையம்மன் திருவிழாக்களில் ஆடுகிறார்கள். கருமாதி வீட்டில் ‘கர்ண மோட்சம்’ ஆடுகிறார்கள். இழவு வீட்டுக்குக் கேமராவோடு எந்த ஆய்வாளர் வருவார்? ஆனால் அந்த வாசலில்தான், செத்தவருக்காக விடிய விடிய அழுதுகொண்டே பார்க்கும் ஜனங்களுக்கு முன்னால், கர்ணன் வேறு மாதிரி ஆடுகிறான். அது மேடைக் கூத்தில் இல்லை. அந்த வாத்தியார் போனால் அதுவும் போய்விடும்.

ஊர்த் திருவிழாவைப் படம்பிடிக்கும்போது இன்னொன்று நடக்கிறது. கேமரா ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நிற்கிறது. பறை அடிப்பவர் சட்டகத்தின் ஓரத்தில், முகம் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மனைக் கும்பிட நம் மக்களை விடமாட்டோம் என்று தகராறு வந்து, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கோயிலில் இழுத்த கோட்டை வீடியோவிலும் இழுக்க வேண்டுமா?

சட்டம் இந்த விஷயத்தில் கலைஞர் பக்கம் இருக்கிறது; நமக்குத்தான் அது எட்டவில்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்று நடிகர், பாடகர், இசைக் கலைஞரோடு பாம்பாட்டியையும் சேர்த்துச் சொல்கிறது. கூத்தாடிக்கு அதில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆடியவர் சம்மதமின்றிப் பதிவுசெய்வது உரிமை மீறல். சொந்த உபயோகத்துக்கும் பாடம் நடத்தவும் எடுப்பதற்கு விலக்கு உண்டு. இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, ஆடியவர் தன் பெயரைப் போடும்படி கேட்கவும் உரிமை தருகிறது.

பழைய கேசட்டுகளும் கவலைதான். திருவிழாவுக்கு எடுத்த வி.எச்.எஸ். கேசட்டுகள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. போட்டுப் பார்க்க டெக் கிடையாது. கடைசியாக வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பான் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது. கையில் கேசட் வைத்திருக்கும் ஜமாக்கள் இந்த சீசன் முடிவதற்குள் அவற்றை மாற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டு நகல் போதும். ஒன்று வாத்தியார் வீட்டிலும் மற்றொன்று வேறு ஊரிலும் இருக்கட்டும்.

அதோடு ஒரு நோட்டும் வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன கூத்து, யார் எந்த வேடம், மத்தளம் யார், முகவீணை யார், பின்பாட்டு யார் என்று அதில் எழுதி வையுங்கள். பறை அடித்தவர் பெயரை முதல் வரியில் எழுதினாலும் தப்பில்லை. அடுத்த தாம்பூலம் மாற்றும்போது, படம்பிடிக்க வருகிறவரிடம் ஒரு நகலும் பெயர்ப் பட்டியலும் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் கேமராவை மடக்கிக்கொண்டு போகச் சொல்லலாம்.