வீட்டுக்குள் நெட்வொர்க் கேபிள்: நாங்கள் இருமுறை இழுத்த கதை

சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உறுப்பினர்கள் நாலைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வயருக்காக வீட்டுச் சுவரை இரண்டு தடவை உடைத்தீர்களாமே, உண்மையா?" என்று விசாரித்தார்கள். உண்மைதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி வாய் வலிப்பதைவிட நம் இதழிலேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்களுக்கு விருதுநகரில் பருப்பு வகைகள் மொத்த வியாபாரம். முன்னால் கடை, அதற்கு மேல் மாடியில் வீடு, பின்னால் சுவரோடு சுவராகக் கிட்டங்கி. நம்மில் பலருக்கும் இதே அமைப்புதான். அப்பா காலத்துக் கட்டடம், சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடிச் சுவர். கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனால் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டாது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். மாடியில் ஓர் அறையில் மருமகள் உட்கார்ந்து பில் போடுவார். அது வரை பெரிய தொல்லை இல்லை. 2023 ஆகஸ்டு 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களும் இ-இன்வாய்ஸ் போடவேண்டும் என்று ஆனபிறகுதான் தலைவலி ஆரம்பம். பில்லை அரசாங்கத்தின் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து எண்ணும் க்யூஆர் கட்டமும் திரும்பி வந்தால்தான் அது செல்லும் பில். சாயங்காலம் லாரியில் மூட்டை ஏறிவிடும், டிரைவர் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்து நிற்பார், மாடியில் கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தூத்துக்குடி லோடு இரவு பத்தரை வரை நின்றது. டிரைவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் தம் லேப்டாப்பைக் கீழே மோடம் பக்கத்திலேயே வைத்து வயரில் சொருகிக் காட்டினார். பறந்தது. "லைன் நன்றாக இருக்கிறது, உங்கள் வீட்டுக்குள்தான் தடங்கல்" என்றார். அன்பர்கள் முதலில் இதைச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் லைனே படுத்திருந்தால் வீட்டுக்குள் தங்கத்தில் கம்பி இழுத்தாலும் பயன் இல்லை.

சரி, கேபிள் இழுத்துவிடுவோம் என்று, வீட்டுக் கரண்டு வேலை பார்க்கும் தம்பியிடமே ஒப்படைத்தோம். "பைப் எதற்கு அண்ணாச்சி, காடி எடுத்து கேபிளை வைத்துப் பூசிவிடலாம், செலவு மிச்சம்" என்றார். மிச்சம் என்ற சொல்லைக் கேட்டால் வியாபாரி காது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கேபிளையும் வெளியூர்க் கடை ஒன்றில் நாங்களே போய் வாங்கினோம். கேட்-6, 305 மீட்டர் பெட்டி, மற்ற இடத்து விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த விலையிலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். துவரையில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் ஒரு கைப்பிடி அள்ளியதும் சொல்லிவிடுகிறவர்கள் நாங்கள். அன்றைக்குப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாடி அறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, கிட்டங்கிக் கேமராவுக்கு ஒன்று என்று மூன்று லைன் போட்டுப் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. பில் ஓடியது, சந்தோஷப்பட்டோம். பதினைந்து நாள் கழித்துக் கேமராவில் கோளாறு. பகலெல்லாம் படம் தெளிவாக இருக்கும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். கிட்டங்கியில் பண்டிகைக்கு வாங்கிய உளுந்து நிறைய இருந்த நேரம். காவல் இருக்கவேண்டிய இரவு வேளையில்தான் கண் மூடிக்கொள்கிறது! கேமராவை மாற்றினோம், புதியதும் அப்படியே. மகன் ஒரு வாரம் கிட்டங்கியிலேயே கட்டில் போட்டுப் படுத்தான்.

அக்காள் பேரன் ஒருவன் கோயம்புத்தூரில் இந்த வேலையே பார்க்கிறான். லீவுக்கு வந்தவன் கேபிள் முனையை ஒரு அங்குலம் நறுக்கி, உள்கம்பியை பிளேடால் சுரண்டி எங்கள் உள்ளங்கையில் வைத்தான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "தாத்தா, இது அலுமினியம். மேலே செம்பு முலாம் போட்டது. சிசிஏ என்பார்கள்" என்றான். அந்த மாதிரிக் கேமராவுக்குத் தனிக் கரண்டு கிடையாது. கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. முலாம் கம்பியில் தடை அதிகம், தூரம் போகப் போக வோல்டேஜ் குறையும். பகலில் எப்படியோ சமாளிக்கும். இரவில் இருட்டைப் பார்ப்பதற்கான விளக்குகள் கேமராவுக்குள் எரியத் தொடங்கியதும் கரண்டு கூடுதலாக இழுக்கும், தாங்காமல் அணைந்துவிடும். கேபிள் சூடாவதும் உண்டு, வளைக்கும் இடத்தில் கம்பி பொடுக்கென்று ஒடிவதும் உண்டு.

பைப் இருந்திருந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்திருக்கலாம். நாங்கள்தான் மிச்சம் பிடித்தோமே! ஆக, காடி மறுபடி உடைந்தது. வீட்டில் அம்மாள் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. அடுப்படி வரை சுண்ணாம்புத் தூசி.

இரண்டாம் முறை பேரனே பக்கத்தில் நின்று செய்வித்தான். ஒரு அங்குல பைப், திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ போடாமல் நீள வளைவு. கேபிளை ஒரு அங்குல ஆரத்துக்கும் இறுக்கமாக வளைக்கக்கூடாதாம். ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துப் போட்டு வைத்தோம், நாளைக்கு இன்னொன்று இழுக்க வேண்டிவந்தால் உதவும். கரண்டு வயர் போகும் பைப்புக்குள் இதை விடவே கூடாது. அது ஆபத்து, இரைச்சலும் ஏறும். இரண்டும் சில அங்குலம் விலகியே போகட்டும். குறுக்கே கடக்கத்தான் வேண்டும் என்றால் கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

எல்லா லைனும் ஒரே இடத்துக்கு வரவேண்டும். எங்களுக்கு அது மாடிப்படிக்குக் கீழ் உள்ள அலமாரி. அங்கே மோடமும் ஸ்விட்சும். (ஸ்விட்ச் என்றதும் எங்கள் கணக்கப்பிள்ளை லைட் ஸ்விட்ச் என்று நினைத்து ஆறு வாங்கி வந்தார். இது பல கேபிள்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி.) கரண்டு போனாலும் பில் நிற்காதபடி அந்த இரண்டையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டோம். கேமராவும் அதே கேபிளில் உயிர் வாழ்வதால் அதுவும் அணைவதில்லை.

இந்தக் கேபிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஈதர்நெட் என்னும் இந்த முறையை 1973ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் உடன் இருந்தவர்களும் உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் டி.வி. கேபிள் போலத் தடித்த கம்பி. இப்போது நாம் போடுகிற முறுக்குக் கம்பிக்கு 1990ல் தரம் வகுத்தார்கள். உள்ளே எட்டு இழை, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு இழையிலும் ஒரே அளவாக ஏறும், மறுமுனையில் அதைக் கழித்துவிடுவார்கள். உயிரே அந்த முறுக்கில்தான் இருக்கிறது. முனையில் பிளக் அடிக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது.

இதிலும் ஒரு பாடம் பட்டோம். கரண்டுத் தம்பி முதல் முறை நிறங்களைத் தம் இஷ்டம் போல வரிசைப்படுத்தி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்திருந்தார். சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஆனால் ஒரு ஜோடியாகப் போகவேண்டியவை வேறு வேறு முறுக்கில் பிரிந்து போயிருந்தன. சின்னச் சோதனைப் பெட்டிக்கு இது தெரியாது. வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதை ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

வாங்கும்போது "முழுச் செம்பு" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கேபிளின் மேல்தோலில் மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்தால் நீளம் தெரியும். ஒரே வகையில் இரண்டு பெட்டி இருந்தால் தராசில் வையுங்கள், முலாம் கம்பி எடை குறைந்து நிற்கும். வீட்டுக்குக் கேட்-6 தாராளம். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். கிட்டங்கி தெருவுக்கு அப்பால் தனிக் கட்டடமாக இருந்தால் செம்புக் கம்பி வேண்டாம், இடி மின்னலுக்கு அது வழிகாட்டும். அங்கே கண்ணாடி இழைக் கேபிள்தான் ஏற்றது. வைஃபையை நாங்கள் ஒழித்துவிடவில்லை. மாடிக் கூடத்துக் கேபிள் முனையில் ஒரு வைஃபை பெட்டி வைத்திருக்கிறோம், செல்போனுக்கெல்லாம் அதுதான்.

புதுவீடு கட்டுகிற அன்பர்கள், கரண்டு பைப் பதிக்கும் நாளிலேயே இதற்கும் தனிப் பைப் பதித்துவிடுங்கள். கேபிளைப் பிறகு ஆற அமர வாங்கலாம்.

சுவரிலிருந்து பிடுங்கிய கேபிளைச் சாக்கில் கட்டிப் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோனோம். செம்பு விலை போகும் என்று ஒரு நப்பாசை. கடைப் பையன் ஒரு முனையைக் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "செம்பு இல்லை அண்ணாச்சி, கலப்பு" என்று சாக்கை ஓரமாகத் தள்ளினான். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது.