குண்டசாலையில் குடியேறலாமா?

கண்டி மாநகர் மலைகளும் மகாவலியும் வளைத்த சிறு பள்ளத்தாக்கு, பரவ இடமில்லை. ஆதலின் ஆற்றுக்கு அப்பால் குண்டசாலை, பல்லேகலை, திகனை என்று கிழக்கே புதுமனைகள் பெருகுகின்றன. நகரில் வாடகைக்கிருக்கும் நாமும் அங்கே செல்வதா என்று சிந்திக்கிறோம்.

நகரச் சரிவுகள் அச்சந் தருவன. 2020 செப்டம்பர் 20இல் பூவெலிகடையில் ஐந்துமாடிக் கட்டிடம் சரிந்து, கைக்குழந்தையொன்றும் பெற்றோரும் மாண்டதை யார் மறப்பர்?

ஆயினும் 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் இல்லங்களும் எரிந்தன. சிறுபான்மையினராகிய நமக்கு மண்ணின் உறுதி மட்டும் போதுமா? (மனைத் தரகர் இதுபற்றி வாய் திறப்பதில்லை!)

எனவே மனை வாங்குமுன் குண்டசாலையில் ஓராண்டு வாடகைக்கிருந்து, மாரியையும் அயலாரையும் அறிவதென்று தீர்மானித்துள்ளோம். காலையில் தென்னக்கும்புரப் பாலங் கடந்து பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள்தாம் இன்னும் இணங்கவில்லை.