ஆகியிருக்க வேண்டியவர்

போன வாரம் ‘லேட்டன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தோம். உள்ளே உறங்கிக் கிடப்பது, என்றாவது விழித்துக்கொள்ளக் கூடியது. இந்த வாரச் சொல்லுக்கு அந்த ‘என்றாவது’ கிடையாது. அது ‘மாங்கே’. தவறவிடுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் பெயரடை பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும். இது பிரெஞ்சு வழக்கப்படி பின்னால் வரும்: ‘போயட் மாங்கே’. கவிஞராகியிருக்கக் கூடியவர், ஆகாமல் போய்விட்டார்.

‘ஃபெயில்ட் போயட்’ வேறு ஆள். எழுதித் தோற்றவர். ‘வுட்-பீ போயட்’ இன்னும் ஆசையோடு அலைகிறவர். மாங்கே திறமையைக் குறை சொல்வதில்லை. வழி நழுவியதை மட்டும் சொல்கிறது. அந்த மனிதர் வேறொன்றில் உச்சிக்கே போயிருக்கலாம்.

அப்துல் கலாமையே பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவருக்குப் போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வு. வந்த 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், கலாம் 9-ஆவது. மனம் உடைந்து ரிஷிகேஷுக்குப் போனதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு ராக்கெட், ஏவுகணை, ராஷ்டிரபதி பவன். 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், புனே தளத்திலிருந்து சுகோய்-30 விமானத்தில் துணை விமானியாகப் பறந்தார். அந்தப் பயணத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இத்தனைக்குப் பிறகும் அவர் ‘பைலட் மாங்கே’தான்.

எல்லோருக்கும் சுகோய் வருவதில்லை. பாரிவாக்கத்தில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை. என் வண்டிக்கு நம்பர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் பில் புத்தகத்தின் அட்டையில், எதிரே நின்ற ஷேர் ஆட்டோ டிரைவரைப் பால்பாயின்ட் பேனாவால் வரைந்துகொண்டிருந்தார். எட்டு, பத்துக் கோடுதான். தோளில் கிடந்த துண்டின் ஈரம்கூடத் தெரிந்தது.

“எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?”

“போர்டு எழுதிட்டிருந்தேன் சார். ஃபிளெக்ஸ் வந்துச்சு, போச்சு. அதுக்கு முன்னாடி எழும்பூர் ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஃபார்ம் வாங்கி வெச்சிருந்தேன். அப்பா தவறிட்டாரு.”

பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: “எங்கியோ இருந்திருக்க வேண்டிய ஆளு சார் இவரு.”

அகராதியை மூடிவிடலாம் என்று தோன்றியது. ‘மாங்கே’ தவறியதோடு நின்றுவிடுகிறது. நம் ‘வேண்டிய’ அப்படி விடுவதில்லை. அந்த இடம் இவருக்கு உரியது, யாரோ இன்னும் கொடுக்கவில்லை என்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கும் ஒரு சாவுக்கும் நடுவே நழுவிய வாழ்க்கையைச் சொல்ல எனக்கு அந்தச் சொல்தான் வேண்டும்.

படத்தைக் கேட்டேன். அட்டையைக் கிழித்தால் பில் புத்தகம் கலைந்துவிடும் என்றார். ஸ்டிக்கருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.