ஆஃப் சீசன் டூர்: பாதி விலைன்னு சொன்னா முதல்ல 'ஏன்?'னு கேளுங்க

2018 செப்டம்பர். சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். தாய்லாந்துல கிராபிக்கு நாலு நாள் டூர், சீசன் விலையில கிட்டத்தட்ட பாதிக்குக் கிடைச்சது. நண்பர்கள் மூணு பேரும் யோசிக்காம பணம் கட்டிட்டோம்.

ரெண்டு நாள் விடாத மழை, படகு ரத்து. போட்டோவுல பார்த்து ஆசைப்பட்ட மாயா பே, பவளப்பாறைகள் மீளணும்னு அந்த ஜூன் மாசமே மூடியாச்சு. செய்தியில வந்த விஷயம்தான், நான்தான் தேடிப் பார்க்கல. ரூம்லயே உட்கார்ந்து சாப்பிட்டதுக்கும் டாக்ஸிக்கும் கார்டு தேய்ச்சு, மிச்சம் பிடிச்சதுல பாதிக்கு மேல அங்கேயே போச்சு. ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிறவன், என் கணக்குல கோட்டை விட்டேன்!

தள்ளுபடி சும்மா வராது

பேங்க் எஃப்.டி.யை விட ரெண்டு மடங்கு வட்டி தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, 'ஏன்?'னு கேட்போம்ல? ஆஃப் சீசன் விலையும் அதே மாதிரிதான். மழை ரிஸ்க்கை ஹோட்டல்காரர் உங்க தலையில மாத்துறார். அதுக்கு அவர் கொடுக்கிற கூலிதான் அந்தத் தள்ளுபடி.

ஒரே நாடு, வேற வேற மழை

ஃபுகெட், கிராபி இருக்கிற மேற்குக் கரையில மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். சிமிலன் தீவுகள் மே நடுவுல இருந்து அக்டோபர் நடு வரை மூடியிருக்கும். மாயா பேயை இப்பவும் வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர்ல மூடுறாங்க. ஆனா எதிர்ப்பக்கம் இருக்கிற கோ சமுய்ல பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இலங்கையிலயும் இதே கதை. மே முதல் செப்டம்பர் வரை பெந்தோட்டை, மிரிஸ்ஸ பக்கம் மழையும் கொந்தளிப்பும் இருக்கும். அதே நேரம் திருகோணமலை, அறுகம்பே பக்கம் வெயில். அதனால நாட்டைப் பார்த்து புக் பண்ணாதீங்க. கரையையும் மாசத்தையும் சேர்த்துப் பாருங்க.

ஒரு நாளைக்கு என்ன விலை?

ஒரு உதாரணம். சீசன்ல நாலு நாளுக்கு 60,000 ரூபாய். நாலு நாளும் கடல்ல இறங்கலாம்னா நாளுக்கு 15,000. ஆஃப் சீசன்ல 36,000. ஆனா ரெண்டு நாள்தான் இறங்க முடிஞ்சதுன்னா நாளுக்கு 18,000. மலிவா வாங்கினதுதான் காஸ்ட்லி!

அதே 36,000-க்கு, உங்க பிளான் மசாஜ், சாப்பாடு, நல்ல தூக்கம்னு இருந்தா நாலு நாளும் உங்களோடது. நாளுக்கு 9,000தான். மழையால கெடாத பிளான் உள்ளவங்களுக்குத்தான் ஆஃப் சீசன் உண்மையான லாபம்.

பணம் கட்டும் முன்னாடி

- ஹோட்டல் ஃப்ரீ கேன்சலேஷன்ல கொஞ்சம் கூட ஆனாலும் அதையே எடுங்க. மழையால வெளிய போக முடியலைன்னு சொன்னா டிராவல் இன்ஷூரன்ஸ் பணம் தராது.
- தீவுல தங்கினா, திரும்பும் ஃப்ளைட்டுக்கு முந்தின நாளே பெரிய ஊருக்கு வந்துடுங்க. படகு ரத்தானா டிக்கெட்டும் போயிடும்.
- அங்க ஆஃப் சீசன்னாலும் இங்க தீபாவளி லீவுன்னா ஃப்ளைட் விலை ஏறித்தான் இருக்கும். ரெண்டு பக்க காலண்டரையும் பாருங்க.
- வெளிநாட்டு டூரை பேக்கேஜா வாங்கினா ஏஜென்ட் டிசிஎஸ் பிடிப்பார். அது செலவு இல்லை, உங்க பான்ல ஏறுற முன்வரி. ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து ஆபீஸ்ல சொல்லி சம்பள டிடிஎஸ்லயே சரிக்கட்டவும் முடியும்.
- எல்டிஏ வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிடையாது. பழைய வரி முறையில இருக்கிறவங்க அந்தமான் மாதிரி உள்நாட்டுப் பயணம் போனா, போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் கிடைக்கும்.

இஎம்ஐ வேண்டாம்

நாலு நாள் டூருக்குப் பன்னிரண்டு மாசம் வட்டி கட்டாதீங்க. 36,000-க்கு மேல மழைக்குன்னு 20% சேர்த்தா 43,200. மாசம் 4,800 வீதம் ஒன்பது மாசம் ஆர்.டி. போட்டா கைக்காசாவே போயிட்டு வரலாம். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கவே கூடாது.

2024 நவம்பர் ரெண்டாவது வாரம், தீபாவளி முடிஞ்சதும், நானும் மனைவியும் மறுபடி கிராபி போனோம். மழை ஓய்ஞ்சு, கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்காத இடைவெளி. பாதி விலை இல்லை, கால்வாசிதான் குறைஞ்சது. ஒரே ஒரு சாயங்காலம் மழை. ஆறு வருஷம் கழிச்சு மாயா பேயையும் பார்த்தாச்சு. திரும்பி வந்தப்போ கிரெடிட் கார்டு பில்லைத் திறக்க பயமும் இல்லை.

அடுத்த தடவை '50% ஆஃப்'னு மெசேஜ் வந்தா, பணம் கட்டும் முன்னாடி ஒரு பத்து நிமிஷம் மழைக் காலண்டரைத் தேடிப் பாருங்க. அந்தப் பத்து நிமிஷம் செலவழிக்காததுக்குத்தான் நான் அவ்வளவு பணம் கட்டினேன்.