மீன்குளத்தில் படரும் ஏடு

கெண்டை வளர்க்கும் குளங்களில் ஜலத்தின்மேல் ஏடு படர்வதுண்டு. அது வெயிலிற் செந்நிறமும் மாலையிற் பசுமையும் காட்டுமாயின், பெரும்பாலும் யூக்ளினா என்னும் நுண்ணுயிரேயாம். எருவும் தீனியும் மிஞ்சிய குளத்திலேயே இது பெருகும். ஏடு வெளிச்சத்தை மறைப்பதால் அடிநீரிற் பிராணவாயு குன்றும். இரவில் மேலும் குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் இருத்தல் நலம். அது மிகக் குறையின் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், தாமதித்தால் மடியும்.

அவ்வாறு கண்டவுடன் புதுநீர் பாய்ச்சுக. இயலாவிடில் சேறு கலங்காமல் மேல்நீரை மூங்கிற்கழியால் அடித்திடுக. எருவையும் தீனியையும் நிறுத்துக. பின்னர், காற்று ஒதுக்கிய கரையில் இருவர் வைக்கோற்புரியை இழுத்து ஏட்டைத் திரட்டி வாரி, எருக்குழியிலிடுக. மருந்திட்டு ஒரே நாளிற் கொல்லலாகாது. அழுகும் ஏடு எஞ்சிய பிராணவாயுவையும் உண்டுவிடும்.