தூரம் முடிந்ததும் தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "இந்த வாரம் தூரம், அடுத்த மாசம் பார்ப்போம்" என்ற பதில் நம் வீடுகளில் சட்டென்று வந்துவிடுகிறது. மதுரை செல்லூர்ப் பெண்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்திலேயே, கோரிப்பாளையத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அடுத்த மாசம் பலருக்கு வருவதே இல்லை.

மாதவிடாய்ச் சுழற்சி பரிசோதனை முடிவை மாற்றுமா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். அதைக் கண்டறிந்த ஹெரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பப்பை வாயில் சிறு பிரஷ்ஷால் செல்களை எடுத்து, அவற்றில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று தேடுவதே ஹெச்.பி.வி. பரிசோதனை. கருமுட்டை வெளிவரும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் கூடி, அங்குள்ள சளி நீர்த்துவிடும். பிறகு புரோஜெஸ்டிரோன் அதைக் கெட்டியாக்கும். இதனால் பிரஷ்ஷில் ஒட்டும் செல்களும் வைரஸும் நாளுக்கு நாள் கூடிக் குறையலாமோ என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சில ஆய்வுகள் சிறு வேறுபாட்டைக் கண்டன. சில எதையும் காணவில்லை. நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

உதிரப்போக்கு அதிகமுள்ள நாட்களை மட்டும் தவிர்க்கலாம். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் வேதிவினையைத் தடுக்கக்கூடியது. பல பரிசோதனைகளில் மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவார்கள். அதுவும் தெரியாவிட்டால் மாதிரி செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் அந்த ரத்தத்திலேயே வைரஸைத் தேடவும் முடியும். மகாராஷ்டிரப் பெண்கள் பயன்படுத்திய மாதவிடாய்த் துணிகளிலிருந்து அதைக் கண்டறிய மும்பை டாடா நினைவு மைய ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். கூச்சத்தால் பரிசோதனைக்கே வராதவர்களுக்கு அது பெரிய வழியாகலாம்.

நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்யப்பட்டது. 2007இல் வெளியான முடிவு: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய்ச் சாவுகள் 35 சதவீதம் குறைவு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில் ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. பரிசோதனை, சாவை ஏறக்குறைய பாதியாக்கியது. அங்கே உயிர்களைக் காத்தது பெண்கள் வந்து நின்றதுதான்.

30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூரம் முடிந்த அடுத்த வாரமே போய்க் கேளுங்கள். உறவுக்குப் பின்போ, மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் எந்தத் தேதியும் பார்க்க வேண்டாம்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.