ஓய்வு மட்டும் போதாது: புற்றுநோய்ச் சிகிச்சையும் உடற்பயிற்சியும்

"டாக்டர், இவர் வீட்டில் நடக்கலாமா?" புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் இதனைக் கேட்பவர் நோயாளி அல்லர். உடன் வந்திருக்கும் மனைவியோ, மகனோ, மருமகளோ ஆவார். சோர்ந்திருப்பவரை எழுப்பி நடக்கச் சொல்ல மனம் வராததும் இயல்பே. ஆயினும் நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு எங்கள் விடை, "நடக்கலாம், நடக்கவும் வேண்டும்" என்பதே.

படுத்தே இருக்கும் உடலில் தசைகள் சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகின்றன. தசை குறைந்தால் குளியலறைக்குச் சென்று வருவதே பெரும் உழைப்பாகிவிடும். உழைப்பு கூடினால் சோர்வு கூடும். சோர்வு கூடினால் மீண்டும் படுக்கை. புற்றுநோயால் வரும் சோர்வு, பகல் முழுதும் உழைத்தவரின் களைப்பைப் போன்றது அன்று. உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. இரத்தச்சோகை, வலி, உறக்கமின்மை ஆகியவை அதற்குக் காரணமா என்று மருத்துவர் முதலில் ஆராய்வார். அவற்றுக்கு அப்பாலும் நீடிக்கும் சோர்வைக் குறைக்க, அளவான உடற்பயிற்சி நன்கு நிறுவப்பட்ட வழியாகும்.

எவ்வளவு பயிற்சி தேவை? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019-இல் தன் பரிந்துரையை வெளியிட்டது. வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான நடைப்பயிற்சி போன்றவற்றையும், வாரத்தில் 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சிகளையும் 8 முதல் 12 வாரங்களேனும் தொடர்ந்தால், சோர்வு, மனக்கலக்கம், மனச்சோர்வு ஆகியவை குறையும். உடலின் செயல்திறன் மேம்படும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம்.

உடற்பயிற்சி நோயின் போக்கையே மாற்றுமா என்ற கேள்விக்கு 2025-இல் வெளியான ஓர் ஆய்வு விடை அளித்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் முதன்மையாக நடைபெற்ற அவ்வாய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு 3 ஆண்டுகள் பயிற்றுநரின் வழிகாட்டுதலுடன் உடற்பயிற்சித் திட்டம். மற்றவர்களுக்கு நலவாழ்வுக் கையேடுகள். 8 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர், முதற் பிரிவில் 100-க்கு ஏறத்தாழ 90 பேர். மற்றப் பிரிவில் 83 பேர். இம்முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கு உரியது. எல்லாப் புற்றுநோய்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. பயிற்சி, சிகிச்சைக்கு மாற்றும் அன்று, சிகிச்சையோடு சேர்ந்தது.

மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களுக்குத் தனியே ஒரு சொல். "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது வீடுகளில் வழங்கும் அறிவுரை. ஆனால் கையில் நிணநீர் வீக்கம் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் மெல்ல மெல்ல எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் மிகவில்லை. திடீரெனத் தீவிரமாவது குறைந்தது. எனவே இயன்முறை மருத்துவரிடம் கற்று, சிறு எடையில் தொடங்குங்கள். வீக்கம் உள்ளவர்கள் அழுத்த உறை அணிந்து செய்ய வேண்டும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், புதிதாக இரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். எலும்பில் நோய் பரவியவர்களும், தட்டணுக்கள் குறைந்தவர்களும், இதயநோய் உள்ளவர்களும், வயிற்றில் செயற்கை மலவாய் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். கீமோதெரபியால் பாதம் மரத்துப்போனவர்கள் மேடுபள்ளமான தெருவைத் தவிர்த்து, காலணி அணிந்து, சமதரையில் நடக்கட்டும்.

தொடக்கம் சிறிதாகவே இருக்கலாம். வெயிலுக்கு முன் வாசலிலோ மொட்டைமாடியிலோ 5 நிமிட நடை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் 5 முறை எழுந்து அமர்தல். முடியாத நாளில் பாதி செய்யுங்கள். கீமோதெரபிக்கு அடுத்த சில நாட்களில் அதனினும் குறைவாகச் செய்யுங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணீர்ச் செம்பைக் கைக்கே கொண்டுவந்து கொடுப்பது அன்புதான். எழக்கூடிய நாளில், "வாருங்கள், சேர்ந்து எடுத்து வருவோம்" என்று கை கொடுப்பதும் அன்பே. நடந்த நிமிடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வருகையின்போது மருந்துச் சீட்டுடன் அதனையும் கொண்டு வாருங்கள். அதைப் பார்த்தே அடுத்த வாரத்துக்கான அளவை நாங்கள் உங்களுடன் சேர்ந்து வகுப்போம்.